செம்மநத்தத்தில் ஒரு கட்டிக்குச் சூடம் காட்டினார்கள்

“…அப்ப இத்தனை மாசமா நான் சூடங்காட்டிக் கும்புட்டதெல்லாம் வெறும் கொழாய்க்குத்தானுங்களா, டாக்டரம்மா?”

கேட்டவர் செம்மநத்தம் பொன்னுசாமி. காப்பி எஸ்டேட்டில் தண்ணீர்க் குழாய் போடுகிறவர். ஒரு கையில் மணி, மறு கையில் தட்டு, நெற்றி நிறைய விபூதி. அவருக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார் டாக்டரம்மா. இருவருக்கும் நடுவே, மணைப்பலகைமேல் விரித்த பட்டுத் துணியில், பொன்னுசாமியின் தங்கை பெற்ற கைக்குழந்தை கட்டை விரலைச் சூப்பிக்கொண்டு கிடந்தது. வாசலில் பாதி ஊர் நின்றது.

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் நர்சாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஜனங்கள் என்னிடம் கேட்காத கேள்வி கிடையாது. இரும்பு மாத்திரையைத் தின்றால் காந்தம் ஒட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். கருத்தடை செய்துகொண்டால் மீசை உதிருமா என்று ஒருவர், மீசையைத் தடவியபடியே கேட்டிருக்கிறார். எதற்கும் நான் அசந்ததில்லை. பொன்னுசாமி கேட்ட மாதிரி ஒன்றை மட்டும் அதற்கு முன்னும் காதால் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

போன வாரம் இரண்டு சின்ன நர்சுகள் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி போனை நீட்டினாள். ஒரு குழந்தையின் தோளில் சிவப்பாக ஒரு புடைப்பு. படத்தைச் சேலத்துக்கு அனுப்பினார்களாம். அடுப்பில் வைத்த டீ கொதிப்பதற்குள் பதில் வந்துவிட்டதாம்.

“உங்க காலத்துல என்னங்கக்கா பண்ணுவீங்க?” என்றாள்.

“எங்க காலத்துல அந்த டீ கொதிச்சு, குடிச்சு, டம்ளரையும் கழுவி வெச்சுட்டு, அடுத்த மாசம் டாக்டரம்மா மலையேறி வர்ற வரைக்கும் உக்காந்திருப்போம் கண்ணு.”

“அப்ப அந்தப் பொன்னுசாமி சமாச்சாரத்தச் சொல்லுங்கக்கா” என்றார்கள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே சிரித்துவிடுகிறார்கள், மருத்துவச் சங்கதி காதில் ஏறுவதில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் படித்ததைச் சொல்ல நீளமாக ஒன்றும் இல்லை. சேலத்தில் படித்தேன். ஊசி போடப் பழகுவதற்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்கள். நன்றாகவே போட்டேன். முதல் முறை ஒரு மனிதருக்குப் போட்டபோதுதான், ஆரஞ்சு எந்தக் காலத்திலும் “ஐயோ அம்மா” என்று கத்தியதில்லை என்பது உறைத்தது. மற்றதெல்லாம் மலையில் கற்றது. மலையில் பாடம் நடத்துகிறவர்கள் நோயாளிகளும் அவர்களோடு கூட வருகிறவர்களும்தான். கூட வருகிறவர்கள் வாயில்தான் நல்ல சொலவடைகள் இருக்கும். நோயாளிக்குப் பேச நேரம் இருக்காது.

டாக்டரம்மா சேலத்திலிருந்து மாதம் ஒரு முறை வருகிற குழந்தை மருத்துவர். கொண்டை ஊசி வளைவு ஒன்று விடாமல் தலை சுற்றி, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே பஸ்ஸிலிருந்து இறங்குவார். பெரியவர்களிடம் இரண்டு வார்த்தைக்குமேல் பேச மாட்டார். “உக்காரு.” “காட்டு.” “போ.” அவ்வளவுதான். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஒருவர், “ஏனுங்க, இந்தம்மாவுக்கு வார்த்தைய அரசாங்கம் அளந்து குடுக்குதுங்களா?” என்று என்னிடம் கேட்டார்.

அதே டாக்டரம்மா கைக்குழந்தை என்று வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். எங்கள் மலைக் குளிரில் விரல் விறைத்துப் போயிருக்கும். இரண்டு உள்ளங்கையையும் சூடு வரும்வரை தேய்ப்பார். தேய்த்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். போதாது என்றால் மறுபடியும் தேய்ப்பார். பிறகு குழந்தைக்கு நேராகக் குனிந்து, “தொடலாமுங்களா? உத்தரவு குடுங்க” என்பார். குழந்தை அழுதால் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு காத்திருப்பார். பெற்றவர்களுக்கு ஒரு ‘ங்க’ கிடையாது, பிறந்து பத்து நாள் ஆன பிள்ளைக்கு இத்தனை ‘ங்க’. அவரிடம் வேலை பார்த்த காலம் முழுக்க, அடுத்த பிறவியில் குழந்தையாகவே அவரிடம் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

தோலில் ரத்தக்குழாய்கள் கூடிச் சேர்ந்து வருகிற கட்டிகளில் அவருக்குத் தனிக் கவனம். அந்த மாதிரிப் பிள்ளை வந்தால் முதல் கேள்வி, “பொறக்கும்போதே இருந்துச்சா, பொறந்த பொறவு வந்துச்சா?” அந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கும்வரை அடுத்ததற்குப் போக மாட்டார். சாதாரணமாக நாம் பார்க்கிற சிவப்புக் கட்டி, பிறக்கும்போது இருக்காது, இருந்தாலும் கீறல் மாதிரி இருக்கும். சில வாரம் கழித்துத் தலை தூக்கி, சில மாதம் ஜோராக வளர்ந்து, பிறகு வருடக்கணக்கில் மெதுவாக வற்றும். கண்ணருகே, மூக்கருகே வந்து தொந்தரவு கொடுத்தால் இப்போது அதற்குக் குடிக்கிற மருந்தே இருக்கிறது.

இந்தக் கேள்வியால் வீடுகளில் நடக்கும் கலவரம் தனி. ஒருமுறை, முதுகில் சிவப்புக் கட்டியோடு வந்த ஒரு பிள்ளையின் தாயிடம் டாக்டரம்மா இதைக் கேட்டார். அதற்குப் பிள்ளையின் அத்தை பதில் சொன்னாள். “மாசமா இருக்கையில பிளம்ஸ் பழம் வேணும்னு கேட்டாளுங்க. எங்கண்ணன் வாங்கித் தரலீங்க. அதான் முதுகுல பழுத்திருச்சு.” பிள்ளையின் அப்பன் எழுந்து நின்று, “அது பிளம்ஸ் காய்க்காத மாசமுங்க! பேரிக்கா வாங்கியாந்தேன், கேட்டுப் பாருங்க!” என்று கண் கலங்கினான். டாக்டரம்மா இருவரையும் பார்த்தார். “பொறக்கும்போதே இருந்துச்சா, பொறந்த பொறவு வந்துச்சா?” என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைசியில், மூன்றாவது வாரம் குளிப்பாட்டும்போது பார்த்தோம் என்று தாய் சொன்னாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டார். போகும்போது அந்த அப்பனிடம் மட்டும், “பேரிக்கா நல்ல பழம்” என்றார். அவன் நிமிர்ந்து நடந்து போனான்.

அபூர்வமாக வேறொரு வகை உண்டு. அது வயிற்றுக்குள்ளேயே முழுசாக வளர்ந்துவிட்டுத்தான் வெளியே வரும். பிறந்த பிறகு வளர்கிற பேச்சே இல்லை. சில பிள்ளைகளுக்கு அப்படியே நிற்கும். பல பிள்ளைகளுக்கு ஒரு வருடம் போல வேகமாகச் சுருங்கிக் காணாமல் போகும். அதன் ஆங்கிலப் பெயரை டாக்டரம்மா ஒருமுறை சொன்னார். லெவல் கிராசிங்கில் நின்று சரக்கு ரயிலைப் பார்த்த மாதிரி இருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பேரு நீளம், ஆயுசு குட்டை” என்றார். நான் அவரிடம் கேட்ட ஒரே சொலவடை அதுதான்.

காவேரிக்குப் பிறந்த தேனுவுக்கு இருந்தது அந்த வகை.

காவேரி பொன்னுசாமியின் ஒரே தங்கை. பிரசவம் ஏற்காட்டில் நடந்தது. குழந்தையைத் துடைத்துத் திருப்பினால் நடு நெற்றியில் பெரிய நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. கருஞ்சிவப்பு. அதைச் சுற்றிப் பால் வெள்ளையாக ஒரு வளையம். தொட்டால் சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பு. தாய்மாமன் என்று முதலில் உள்ளே வந்து பார்த்த பொன்னுசாமி, “நடுவுல குங்குமம், சுத்தியும் துண்ணூறு” என்று முணுமுணுத்தார். அப்போதே எனக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். அன்று காவேரி அழுகையை நிறுத்தாததில் அது காதைத் தாண்டிப் போய்விட்டது.

அந்த மாதம் மலைக்கு வந்த டாக்டரம்மா கை தேய்த்தார், உத்தரவு கேட்டார். கண்ணாடிச் சில்லை வைத்து மெல்ல அழுத்தி நிறம் வெளுக்கிறதா என்று பார்த்தார். டேப்பால் குறுக்கும் நெடுக்கும் அளந்தார். அழும்போது புடைக்கிறதா என்று பார்க்க, அழட்டும் என்று காத்திருந்தார். பிறகு சேலத்துக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்க வைத்தார், ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் குறைந்திருக்கிறதா என்று சோதிக்கச் சொன்னார். இதை இளையவர்கள் கவனிக்க வேண்டும். ரத்தக்குழாய்க் கட்டிகளிலேயே பொல்லாதது ஒன்று உண்டு. ஊதா நிறத்தில் கெட்டியாக இறுகி, உடம்பில் ரத்தப் புள்ளிகள் தெரிந்தால் அது தட்டணுக்களைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது வேடிக்கை பார்க்கக் கூடாது, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. தேனுவுக்கு அப்படி எதுவும் இல்லை. எல்லாம் சரியாக இருந்தது.

“ஒண்ணும் பண்ண வேண்டாம். யாரும் தொடாதீங்க. தானா போயிரும்” என்றார் டாக்டரம்மா.

அவரைப் பொறுத்தவரை அது சொற்பொழிவு. காவேரியின் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஏனுங்க நர்சம்மா, சும்மா இருக்கறதுக்கு டாக்டரு எதுக்குங்க? அதுக்கு எங்கப்பனே போதுமே, நொம்ப வருசமா அதத்தானே பண்ணிக்கிட்டிருக்காரு.”

என் அனுபவத்தில் மருந்துகளிலேயே கொடுக்கக் கடினமானது ‘ஒன்றும் செய்யாதே’ என்பது. மாத்திரை கொடுத்தால் பாதி வழியில் எறிந்துவிடுவார்கள், பிரச்சினை இல்லை. ஒன்றும் செய்யாதே என்றால் அன்று ராத்திரியே ஏதாவது செய்தாக வேண்டும். மஞ்சள் பூசுவார்கள், சுண்ணாம்பு தடவுவார்கள், குதிரை முடி கட்டுவார்கள். இதற்கெல்லாம் நான் தயாராக இருந்தேன். வீட்டுக்கே போய்ப் பட்டியல் போட்டுச் சொன்னேன். “சுண்ணாம்பு கூடாது, நூல் கட்டக் கூடாது, சூடு வைக்கக் கூடாது.” பொன்னுசாமி எல்லாவற்றுக்கும் பணிவாகத் தலையாட்டினார். சூடம் காட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. யாருக்குத் தோன்றும்?

மூன்று நான்கு மாதம் போய் அளந்தேன். டாக்டரம்மா சொன்ன மாதிரியே கட்டி இறங்கிக்கொண்டு வந்தது. காவேரி டேப்பை நம்புவதில்லை. “போன மாசம் நெல்லிக்கா, இந்த மாசம் கொட்டப்பாக்குங்க” என்பாள். அதுவும் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. பாதையில் மண் சரிந்து ஜீப் போகவில்லை. எனக்கு வேறு ஊர்களில் ஊசி முகாம். செம்மநத்தம் பக்கம் தலை காட்ட முடியவில்லை.

செய்தி வந்தது ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற முக்கிலிருந்து. அங்கே மளிகைக் கடை வைத்திருக்கும் பாயிடம் புளி வாங்கப் போனேன். பாய் புளியை நிறுத்துக்கொண்டே கேட்டார்.

“ஏனுங்க நர்சம்மா, செம்மநத்தத்துல இப்ப என்ன நோம்பி திருவிழா?”

“எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்லீங்களே பாய்.”

“அப்பறம் ஏனுங்க அந்த ஊருக்கு மட்டும் சூடம் பாக்கெட் பாக்கெட்டாப் போவுது? பொன்னுசாமி வந்து பெட்டியோட கேக்கறாப்ல.”

“விக்கறவருக்கு நல்லதுதானுங்களே.”

“நல்லதுதானுங்க. ஆனா காரணந் தெரியாம வர்ற யாவாரம் காரணந் தெரியாமயே போயிரும். அதான் வெசாரிக்கறேன்.” புளியைக் கட்டிக் கொடுத்தவர், “என்னமோ நெத்திச் சாமியாமா. கொழந்தையாமா” என்றார்.

புளியைக் கடையிலேயே மறந்துவிட்டு பஸ் ஏறினேன்.

காவேரி வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்த கிடப்பைப் பார்த்ததும், யாரோ தவறிவிட்டார்கள் என்றே நினைத்தேன். உள்ளே மணிச் சத்தம். எட்டிப் பார்த்தால் மணைமேல் தேனு. நெற்றியே தெரியவில்லை. குங்குமத்துக்குமேல் சந்தனம், சந்தனத்துக்குமேல் குங்குமம் என்று அடை தட்டிய மாதிரி ஏறியிருந்தது. வரிசையில் வந்த ஒருத்தர் விரலால் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தேனு கொட்டாவி விட்டது. பொன்னுசாமி மணியடித்தார்.

“என்னங்க பொன்னுசாமி இது?”

“வாங்க நர்சம்மா, வாங்க. ஆரத்தி எடுத்துக்கங்க.”

“தொடக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களா இல்லையா?”

“அதத்தானுங்க நானும் ஊருக்குச் சொன்னேன்! கத்தி புடிக்கற கை, இதத் தொடப் பயந்துருச்சுங்க. எத்தனை பெரிய படிப்பு! ஸ்கேன் எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க, கடசில ‘நாங்க ஒண்ணும் பண்ண முடியாது, யாரும் தொடாதீங்க’ன்னு கையக் கட்டிக்கிட்டாங்க. டாக்டரே கை வெக்காத எடம்னா அங்க யாரு இருப்பா, சொல்லுங்க?”

மலை முழுக்கச் சுற்றி மஞ்சளையும் சுண்ணாம்பையும் விரட்டியவள் நான். நாங்கள் கொடுத்த உத்தரவையே எடுத்து ஒருவர் கோயில் கட்டுவார் என்று எதிர்பார்க்கவில்லை.

“பாப்பா பொறந்த பொறவு காணாமப்போன வெள்ளாடு தானா வந்துச்சுங்க” என்றார் பொன்னுசாமி. “எங்கூட்டுப் பலா காச்சுது. மச்சான் குடிய உட்டாப்ல.”

“ரெண்டு நாளு உட்டாப்ல. அதையுஞ் சேத்துச் சொல்லுங்க” என்றது வரிசையில் ஒரு குரல்.

“பலா வருசா வருசம் காய்க்கறதுதானே பொன்னுசாமி?”

“காய்க்குமுங்க. இந்த வருசம் இனிக்குதுங்களே!”

நான் நயமாகச் சொன்னேன், மிரட்டியும் பார்த்தேன். அவர் முகம் வாடிப்போய், குரலைத் தாழ்த்தி உண்மையான வருத்தத்தைச் சொன்னார்.

“சாமி எளைச்சுக்கிட்டே போவுதுங்க நர்சம்மா. முன்ன மாதிரி இல்ல. தப்பா நெனைக்காதீங்க, நீங்க மாசாமாசம் டேப்பு வெச்சு அளந்தீங்க பாருங்க, அதுல கண்ணு பட்டுப்போச்சு. அதுதான் மலைக் கோயிலு திருவிழாவுக்குப் பாப்பாவக் குடை புடிச்சு, மேளத்தோட உச்சிக்குத் தூக்கிட்டுப் போலாம்னு இருக்கறோம். பெரிய சாமிகிட்டக் காட்டுனா மறுபடியும் தேறிக்குமுங்க.”

ஒரு கட்டி வற்றவில்லை என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். வற்றுகிறதே என்று அழுதவர் அவர் ஒருவர்தான்.

காவேரி என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள். அங்கே அரிசிப் பானைக்குப் பின்னால் நின்று, சத்தமில்லாமல் பேசினாள்.

“நர்சம்மா, எம்புள்ளைய யாரும் கொஞ்சறதில்லீங்க. எல்லாரும் கும்புடறாங்க. எங்கண்ணனுக்குப் புள்ளைங்கன்னா உசுரு. ஊருல ஒரு புள்ளைய உடாது, தூக்கிப் போட்டுப் புடிக்கும். இவளத் தூக்கறதே இல்ல. ‘தாயே’ன்னு கையெடுக்குது. எங்காலு கூட அவ மேல படப்படாதுன்னு தனியாப் படுக்க வெக்கச் சொல்லுது. நான் பெத்தது புள்ளைங்க. இவங்க எங்கிட்ட இருந்து புள்ளைய வாங்கிட்டு சாமியக் குடுத்துட்டாங்க. எனக்கு எம்புள்ளை வேணும்.”

அன்று மாலை கூட்டம் கலைந்ததும் ஓரத்தில் கொஞ்சம் குங்குமத்தை நனைத்து எடுத்துப் பார்த்தேன். கட்டியின் நுனியில் தோல் உரிந்து மிளகளவு புண். வற்றிக்கொண்டிருக்கிற கட்டியில் இப்படிப் புண் வருவது உண்டு. வந்த இடத்தில் ஊர் விரலெல்லாம் பட்டால் சீழ் பிடிக்கும், ரத்தம் பீறிடவும் பீறிடும். இதோடுதான் திருவிழாக் கூட்டத்தில் மேளம் அடித்து உச்சிக்குத் தூக்கப் போகிறார்கள்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுத் தகவல் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். “கும்புடறாங்களா?” என்றார். “ஆமாங்கம்மா.” “ஜீப் இருக்கா?” என்றார்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். தேனு இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அந்த வருடமே கட்டி முழுக்க வற்றிவிட்டது. நெற்றியில் கொஞ்சம் தளர்ந்த தோலும் லேசான பள்ளமும் மட்டும் இருக்கின்றன, முடி விழுந்தால் அதுவும் தெரியாது. கத்தி படவில்லை. அதற்குக் காரணம் டாக்டரம்மா செம்மநத்தத்துக்கு வந்த அன்று நடந்ததுதான்.

டாக்டரம்மா மலையேறி வந்த களைப்பும் தீராமல் செம்மநத்தம் ஜீப் பாதையிலும் குலுங்கினார். எலுமிச்சம்பழம் ஒன்றுக்கு இரண்டாகச் செலவானது. ஊருக்குள் ஜீப் நுழைந்ததுமே செய்தி பரவிவிட்டது. “டாக்டரம்மாவே கும்புட வந்துட்டாங்க!”

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். வரிசை தானாக ஒதுங்கி வழி விட்டது. டாக்டரம்மா வாசலில் செருப்பைக் கழற்றினார். அது அவருக்கு எங்கேயும் வழக்கம். ஊர் “ஆகா” என்றது. தரையில் சம்மணமிட்டார். ஊர் மறுபடியும் “ஆகா” என்றது. பிறகு இரண்டு கையையும் சேர்த்து வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். கும்பிடுகிறார் என்று நினைத்துப் பின்னால் பத்துப் பேர் கும்பிட்டார்கள். கடைசியில் குழந்தைக்கு நேராகக் குனிந்து, “தொடலாமுங்களா? உத்தரவு குடுங்க” என்றாரே பார்க்கலாம். பொன்னுசாமி பூரித்துப் போய் என்னைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டீங்களா நர்சம்மா? படிச்சவங்களே உத்தரவு கேக்கறாங்க!”

டாக்டரம்மா காதில் எதுவும் விழவில்லை. கொதிக்க வைத்து ஆறிய உப்புத் தண்ணீர் கேட்டார், காவேரி கொண்டுவந்தாள். நான் கட்டுப் போடுகிற காஸ் துணியை நனைத்து நனைத்துக் கொடுத்தேன். அவர் அதை நெற்றிமேல் போட்டு ஊற விட்டார். தேய்க்கவில்லை, சுரண்டவில்லை. ஊறியதை எடுப்பார், புதுத்துணி போடுவார், காத்திருப்பார். அடை அடையாகச் சந்தனமும் குங்குமமும் கரைந்து வந்தன. கிண்ணத்துத் தண்ணீர் சிவந்தது. எந்த இடத்தில் குங்குமச் சிவப்பு முடிந்து வேறு சிவப்பு ஆரம்பித்தது என்று எனக்கே தெரியவில்லை. டாக்டரம்மாவுக்குத் தெரிந்தது. கடைசித் துணியை எடுத்தபோது புண்ணின் நடுவில் ஒரு முத்து ரத்தம் எழும்பி, உடைந்து, புருவத்தில் இறங்கியது.

மணிச் சத்தம் நின்றது.

டாக்டரம்மா காஸை மடித்து வைத்து இரண்டு விரலால் அழுத்தினார். அசையவில்லை. நடுவில் எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் நம்மில் பலர் செய்கிற தப்பு. அவர் ஒருமுறைகூட எடுக்கவில்லை. தேனு வீறிட்டு அழுதது. காவேரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெடுநேரம் கழித்து விரலை எடுத்தார். ரத்தம் நின்றிருந்தது. வாஸ்லைன் தடவிய துணியை மேலே வைத்து, பிளாஸ்திரி ஒட்டாமல், மெல்லிய துணியால் தலையைச் சுற்றிக் கட்டினார்.

“சாமிக்கு ரத்தமா வருதுங்களே…” என்றார் பொன்னுசாமி. குரலில் சத்தே இல்லை.

டாக்டரம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். “நீ என்ன வேலை பாக்கற?”

“எஸ்டேட்டுல கொழாய் வேலைங்க. காப்பிக்குத் தண்ணி உடற லைனு.”

“இதுவும் கொழாய்தான்.”

“எதுங்க?”

“அந்தக் கட்டி. ரத்தம் போற சின்னச் சின்னக் கொழாய். வயித்துக்குள்ள இருக்கறப்பவே, தேவைக்குமேல போட்டாச்சு.”

பொன்னுசாமி தட்டைப் பிடித்தபடியே குனிந்து பார்த்தார். பக்தி கொஞ்சம் விலகி, வேலைக்காரரின் பார்வை உள்ளே வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

“ப்ளான் இல்லாமப் போட்ட லைனுங்களா?”

“ஆமா.”

“ஒரே எடத்துலயே சுத்திச் சுத்தி இழுத்துட்டாங்களா?”

“ஆமா.”

“அப்ப இப்ப எளைக்குதே, அது?”

“தேவையில்லன்னு தெரிஞ்சு ஒடம்பே ஒண்ணொண்ணா அடைச்சுக்கிட்டு வருது. நல்லது நடக்குது.”

“வால்வு நாமளா மூட வேண்டியதில்லீங்களா?”

“அதுவே மூடும். சும்மா உட்டா.”

பொன்னுசாமி யோசித்தார். எஸ்டேட்டில் உடைந்த லைன் முன்னால் நிற்கிறபோது அவர் இப்படித்தான் நிற்பாராம், காவேரி பிறகு சொன்னாள். “அடைச்சுக்கிட்டு வர்ற லைனுல பைப்பு சுவரு லேசாப் போயிருமுங்களே. மேல கை பட்டா…” என்று ஆரம்பித்தவர், தன் விரல் நுனியில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வாசலைப் பார்த்தார். அங்கே வரிசையில் நின்ற கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். இத்தனை மாசமா நான் கும்புட்டதெல்லாம் வெறும் கொழாய்க்குத்தானுங்களா என்று.

ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கும் அப்போது சிரிப்பு வரவில்லை, மனுசன் முகம் அப்படி இருந்தது. அழுது ஓய்ந்து விக்கியபடி கட்டை விரலைச் சூப்பிக்கொண்டிருந்த குழந்தையை டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

காவேரிதான் பேசினாள். “அண்ணா, அவள ஒருக்கா தூக்குண்ணா.”

பொன்னுசாமி தட்டைக் கீழே வைத்தார். மணியைத் தட்டில் வைத்தார். வாசலைப் பார்த்து, “என்ன பாக்கறீங்க? ஊட்டுக்குப் போங்க எல்லாரும், புள்ளை பால் குடிக்க வேண்டாமா!” என்று ஒரு அதட்டல் போட்டார். குங்குமக் கையை வேட்டியில் இரண்டு பக்கமும் அழுத்தித் துடைத்தார். மணை முன்னால் உட்கார்ந்து, தேனுவின் அக்குளில் கை கொடுத்து, கட்டுப் போட்ட தலை எதிலும் படாமல் தூக்கித் தன் முகத்துக்கு நேராக நிறுத்தினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார்கள்.

“அடிக் கழுத” என்றார். அவளுடைய சட்டையை மேலே ஒதுக்கிவிட்டு, தொப்புளில் வாயை வைத்து, “பர்ர்ர்ர்” என்று ஊதினார்.